புள்ளி வச்ச கணக்கு

மக்களே, பதிவுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு. பேனா, பேப்பர், செல்போன் எதையும் தொடாம மனசுக்குள்ளயே போடுங்க. 0.4-ஐ 0.2-ஆல பெருக்கினா எவ்வளவு?

0.8-னு சொன்னவங்க கவலைப்படாதீங்க, யாரும் பார்க்கலை :-) விடை 0.08. சந்தேகமா இருந்தா காசா மாத்திப் பாருங்க. 0.4 ரூபாய்னா 40 காசு. 0.2-னா பத்துல ரெண்டு பங்கு, அதாவது அஞ்சுல ஒண்ணு. 40 காசுல அஞ்சுல ஒரு பங்கு 8 காசு. அதை ரூபாயா எழுதினா 0.08. கணக்கு அதேதான். எண்ணா எழுதினா தடுமாறுது, காசா சொன்னா பளிச்சுனு புரியுது. இது ஏன்னுதான் கொஞ்ச நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கு.

ஓட வச்சது எங்க தெருவுக்கு மீன் கொண்டு வர்ற அக்கா. நான் இருக்கிறது திருவொற்றியூர்ல. அக்கா விடியக்காலையில காசிமேட்டுக்குப் போய் சரக்கு எடுத்துட்டு, ஷேர் ஆட்டோவுல கூடையை ஏத்திக்கிட்டு எட்டு மணிக்கெல்லாம் எங்க தெருமுனைக்கு வந்துடுவாங்க. முன்னெல்லாம் கூறு கட்டித்தான் விப்பாங்க. இந்தக் கூறு நூறு, அந்தக் கூறு நூத்தி அம்பது, அவ்வளவுதான் பேச்சு. பக்கத்துல அடுக்குமாடி வந்ததும் கதை மாறிடுச்சு. "கிலோ என்ன விலை? எடை போட்டுக் கொடுங்க"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. அக்காவும் ஒரு எலக்ட்ரானிக் தராசு வாங்கிட்டாங்க. அதுல சிவப்பு எழுத்துல 0.850, 1.275-ன்னு எண் ஓடும். ரூபாய் எவ்வளவுன்னு அது சொல்லாது, எடை மட்டும்தான்.

ஒரு நாள் காலையில வியாபாரத்துக்கு உக்காரும்போதே முகம் சரியில்லை. என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இத்தக் கொஞ்சம் பாரு. இது பத்தரையா?"ன்னு தராசைக் காட்டினாங்க. கூடையைக் கழிச்சது போக 10.050-ன்னு நிக்குது.

"இல்லக்கா, பத்து கிலோ அம்பது கிராம்."

"சீட்டுல பத்தரைன்னு போட்டு துட்டு வாங்கிட்டான்."

மொத்தமா எடுத்து, சில்லறை வியாபாரிங்களுக்குக் கிலோ கணக்குல பிரிச்சுக் கொடுக்கிற ஒருத்தர்கிட்ட வாங்கின சங்கரா. கிலோ 320 ரூபாய். சீட்டுல 10.5, மொத்தம் 3360-ன்னு இருக்கு. 10.05-க்கு வர வேண்டியது 3216. வித்தியாசம் 144 ரூபாய். ஐஸ், ஆட்டோ, பை எல்லாம் போக அக்கா கையில நிக்கிறதுல 144 ரூபாய் சின்னக் காசு இல்லை. மறுநாள் சீட்டை எடுத்துட்டுப் போய்க் கேட்டாங்க. எழுதும்போது கவனிக்கலைன்னு சொல்லி, அன்னைக்கு எடுத்த சரக்குல கழிச்சுக்கிட்டாராம்.

அதோட முடிஞ்சிருக்கும். ஆனா அக்கா அன்னைக்கு மத்தியானம் ஒரு மஞ்சப்பையைக் கொண்டு வந்து என் முன்னாடி கொட்டினாங்க. பழைய சீட்டு, ஒரு வருஷத்துக்கு மேல சேர்த்து வச்சது. "இதுல எத்தினி வாட்டி போயிருக்கும், பாத்துச் சொல்லு" அப்படின்னாங்க. நான் என்னத்தைப் பார்த்துச் சொல்ல? சீட்டுல எழுதினது மட்டும்தானே இருக்கு, தராசு காட்டினது இல்லையே. 8.5-ன்னு எழுதின சீட்டு நிஜமாவே எட்டரையா, எட்டு கிலோ அம்பது கிராமான்னு இனிமே எந்த சாமிக்கும் தெரியாது. அக்கா சீட்டையெல்லாம் மறுபடி பைக்குள்ள போட்டுட்டு, "சரி, அந்தப் புள்ளிக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடு" அப்படின்னாங்க.

*

சொல்லிக்கொடுக்க உக்காந்தப்பதான் ஒரு விஷயம் தெரிஞ்சுது. அக்காவுக்கு இந்தக் கணக்கு ஏற்கனவே தெரியும்!

நோட்டுல 6 ÷ 0.75-ன்னு எழுதிக் காட்டினேன். "இதெல்லாம் எனக்கு வராது தம்பி"ன்னுட்டாங்க. அதையே, "ஆறு கிலோ இறால் இருக்கு, முக்கா முக்கா கிலோவா பை கட்டினா எத்தனை பை?"ன்னு கேட்டேன். நான் முடிக்கிறதுக்குள்ள "எட்டு" வந்துச்சு. எப்படின்னு கேட்டா, "நாலு முக்கா மூணு கிலோ. ஆறுக்கு எட்டு. இதுல இன்னா இருக்கு?"

நம்மள்ல எத்தனை பேர் 6 ÷ 0.75-க்கு இவ்வளவு வேகமா எட்டுன்னு சொல்லுவோம்? நமக்குள்ள ஒரு பழைய குரல் உக்காந்திருக்கு: பெருக்கினா கூடணும், வகுத்தா குறையணும். முழு எண்ணுக்குச் சரி. ஒண்ணை விடச் சின்ன எண் வந்தா தலைகீழ். அரையால பெருக்கினா பாதியாகும், அரையால வகுத்தா ரெட்டிப்பாகும். பை கட்டுற அக்காவுக்கு இதுல ஆச்சரியமே இல்லை. பை சின்னதானா எண்ணிக்கை கூடத்தானே செய்யும்?

இதுக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

நம்ம பழைய வாய்பாட்டுல முழு எண் மட்டும் இல்லை. கால், அரைக்கால், மாகாணி (பதினாறுல ஒண்ணு), மா (இருபதுல ஒண்ணு), காணி (எண்பதுல ஒண்ணு), முந்திரி (முன்னூத்தி இருபதுல ஒண்ணு) இதையெல்லாம் திண்ணைப் பள்ளிக்கூடத்துல எண்சுவடி வச்சு மனப்பாடம் பண்ண வச்சாங்க. செந்தில் பாபு இந்தக் கணக்கு மரபைப் பத்தி 2022-ல ஆங்கிலத்துல ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கார். கால்ல கால் மாகாணின்னு படிச்ச பையனுக்கு, 0.25-ஐ 0.25-ஆல பெருக்கினா 0.0625-ன்னு சின்னதா வர்றது புதுசா இருந்திருக்காது. ஆனா அந்தத் திண்ணை எல்லாருக்கும் திறந்திருக்கலை. மீன்பிடி குப்பத்துப் பொண்ணுக்கு அங்க இடம் கிடைச்சிருக்காது. அக்காவுக்குக் கால், அரை, முக்கால் வந்தது அவங்க அம்மாவோட கூடைக்குப் பக்கத்துல உக்காந்துதான்.

காசும் அப்படித்தான் இருந்துச்சு. ஒரு ரூபாய்க்கு 16 அணா. பதினாறை நாலு தடவை பாதியாக்கலாம்: எட்டு, நாலு, ரெண்டு, ஒண்ணு. பத்தை ஒரே தடவைதான் பாதியாக்க முடியும், அடுத்த பாதிக்கே புள்ளி வந்துடும். 1957 ஏப்ரல் 1-ல ரூபாய்க்கு 100 நயா பைசான்னு மாத்தினப்ப இந்தச் சிக்கல் நேரா சந்தைக்கு வந்துச்சு. ஒரு அணான்னா சரியா 6.25 நயா பைசா. கால் பைசாவுக்கு எங்க போறது? அதனால ஒரு அணாவுக்கு 6, ரெண்டு அணாவுக்கு 12, மூணு அணாவுக்கு 19, நாலணாவுக்கு 25-ன்னு அட்டவணை போட்டாங்க. ஒரே கடையில நாலணா கொடுத்தா 25. நாலு இடத்துல தனித்தனியா ஒரு அணா கொடுத்தா 24. ஒரு நயா பைசா எங்கேயோ காணாமப் போயிடுது! அடுத்த வருஷம், 1958 அக்டோபர்ல இருந்து எடையும் மாற ஆரம்பிச்சுது. வீசை, பலம் போய் கிலோ, கிராம் வந்துச்சு.

நாலணா நாணயமே 2011 ஜூன் முடிவுல செல்லாமப் போயிடுச்சு. ஆனாலும் கால், அரை, முக்கால் போகலை. 250, 500, 750 கிராம்ங்கிற வேஷத்துல அதேதான் உக்காந்திருக்கு. தராசு பத்துல பேசுது, வாங்குறவங்களும் விக்கிறவங்களும் நாலுல பேசுறாங்க. அக்கா மாட்டிக்கிட்டது இந்த ரெண்டுக்கும் நடுவுல. அவங்களுக்குக் கணக்குத் தெரியாமப் போகலை, எழுத்துதான் புதுசு.

*

அதனால பள்ளிக்கூடப் புத்தகத்தை மூடி வச்சுட்டு, அக்கா தலையில இருக்கிறதுல இருந்தே ஆரம்பிச்சோம். மூணே படி.

முதல் படி. புள்ளிக்குப் பின்னாடி எப்பவும் மூணு எழுத்து. குறைஞ்சா கடைசியில சைபர் போட்டு மூணாக்கு. அந்த மூணும் சேர்ந்து கிராம். 10.5-ன்னா 10.500, பத்து கிலோ ஐநூறு கிராம். 10.05-ன்னா 10.050, பத்து கிலோ அம்பது கிராம். இந்த ஒரு பழக்கம் போதும், அந்த 144 ரூபாய் மறுபடி போகாது. "புள்ளி அஞ்சு", "புள்ளி சைபர் அஞ்சு"ன்னு சொன்னா காதுல ரெண்டும் ஒண்ணு மாதிரி விழுது. ஐநூறு, அம்பதுன்னு சொன்னா விழாது.

ரெண்டாம் படி. பெருக்குறதுக்கு முன்னாடி விடையை வேலி போட்டு அடை. 0.850 கிலோ வவ்வால், கிலோ 640. முக்காலுக்கு மேல, ஒண்ணுக்குக் கீழ. முக்கா கிலோ 480, ஒரு கிலோ 640. விடை இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் எங்கேயோ இருக்கு. வெளிய போனா தப்பு.

மூணாம் படி. இப்ப புள்ளியை மறந்துட்டுப் பெருக்கு. 85-ஐ 64-ஆல பெருக்கினா 5440. இதுல புள்ளியை எங்க வைக்கிறது? 54.40-ன்னு வச்சா வேலிக்குக் கீழ, 5440 வேலிக்கு மேல, 544 மட்டும்தான் உள்ள நிக்குது. அப்ப 544. எத்தனை இடம் தள்ளணும்னு எண்ணவே வேண்டாம். அக்கா இதையும் சுருக்கிட்டாங்க: "முக்காலுக்கு 480, மீதி நூறு கிராமுக்கு 64, ஆகமொத்தம் 544." நோட்டே தேவைப்படலை.

வகுத்தலுக்கு இதை விட சுலபம். 6-ஐ 0.75-ஆல வகுக்க ரெண்டு பக்கமும் புள்ளியை ரெண்டு இடம் தள்ளணும்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்க, ஏன்னு சொல்லலை. ரெண்டையும் கிராமாக்குங்க. 6000 கிராமை 750 கிராமால வகுக்கிறோம், புள்ளி தானா காணாமப் போகும். ரெண்டையும் ஒரே அளவுல பேச வைக்கிறோம், அவ்வளவுதான் அந்தத் 'தள்ளுற' ரகசியம். கடையில 350 கிராம் பாக்கெட் 133 ரூபாய்னா கிலோ என்ன விலை? 133 ÷ 0.35. முன்னூத்தி அம்பது கிராம்ங்கிறது மூணுல ஒரு பங்கை விடக் கொஞ்சம் கூட, அதனால விலை மூணு மடங்குக்குக் கொஞ்சம் கீழ, 399-க்குள்ள வரணும். போட்டுப் பார்த்தா 380.

இதுக்கு நடுவுல ஒரு நாள் அக்காவோட பேத்தி வந்து பக்கத்துல உக்காந்துச்சு. ஏழாவது படிக்குது. புள்ளிக்குப் பின்னாடி இருக்கிற இடங்களைக் கூட்டி, விடையில அத்தனை இடம் விடணும்னு விதியை ஒப்பிச்சுது. சரியான விதிதான். ஆனா 0.75 × 640 போட்டு 4800-ன்னு எழுதி வச்சிருந்துச்சு. அக்கா நோட்டைப் பார்க்கக்கூட இல்லை. "முக்கா கிலோ மீனுக்கு நாலாயிரத்தி எட்நூறா? இன்னாடி, திமிங்கலமா வாங்கினே?" பொண்ணு சிரிச்சுக்கிட்டே அழிச்சு 480-ன்னு எழுதிச்சு. விதி தெரிஞ்ச பொண்ணுக்கு விடையோட சைஸ் தெரியலை, சைஸ் தெரிஞ்ச ஆயாவுக்கு விதி தெரியலை. ரெண்டு பேரும் ஒரே திண்ணையில உக்காந்தா பாதி வாத்தியார் வேலை முடிஞ்சுது.

லேத் பட்டறையிலயும் இதே கதைதான். நான் கொஞ்ச காலம் வேர்னியர் புடிச்ச ஆளு. பழைய மேஸ்திரிங்க இன்னும் நூல் கணக்குல பேசுவாங்க. ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல், அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அப்ப ஒரு நூல் 3.175. மூணு நூல் போல்ட்டுன்னா 9.525 மில்லிமீட்டர். புதுசா வந்த பையன் 95.25-ன்னு எழுதினா மேஸ்திரி கால்குலேட்டரைத் தேட மாட்டார், பையனோட மணிக்கட்டைப் புடிச்சு, "இதை விடத் தடியா இருக்குமேடா உன் போல்ட்டு" அப்படின்னுவார்.

*

இதெல்லாம் மீன், போல்ட்டு அளவுல இருந்தா சிரிச்சுட்டுப் போகலாம். 1983 ஜூலை 23-ல கனடாவுல ஒரு போயிங் 767 விமானம் 41,000 அடி உயரத்துல எரிபொருள் தீர்ந்து, ரெண்டு இன்ஜினும் நின்னு போச்சு. காரணம் ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல். கனடா அப்ப பவுண்டுல இருந்து கிலோவுக்கு மாறிட்டு இருந்த நேரம். எரிபொருள் அளவு காட்டுற கருவி வேலை செய்யாததால, குச்சி விட்டு அளந்து பார்த்தாங்க. டேங்க்ல 7,682 லிட்டர் இருந்துச்சு. தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க ஒரு எண்ணால பெருக்கணும். அவங்க போட்டது 1.77. அது ஒரு லிட்டர் எத்தனை பவுண்டுங்கிற எண். போட வேண்டியது சுமார் 0.8.

பெருக்கல் சரி, கழித்தல் சரி, வகுத்தலும் சரி. விடை மட்டும் தப்பு. சுமார் 20,000 லிட்டர் ஊத்த வேண்டிய இடத்துல 5,000 லிட்டர் கூட ஊத்தலை. கிம்லிங்கிற ஊர்ல கைவிட்ட பழைய விமானப்படை ஓடுதளத்துல இன்ஜின் இல்லாமலே இறக்கினாங்க. எல்லாரும் பிழைச்சாங்க, பெரிய புண்ணியம்.

1.77-ஐ எங்க ஊர் அக்காகிட்ட காட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பார்த்தேன். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. அப்ப ஒரு லிட்டர் எண்ணெய் ஒண்ணே முக்கா கிலோவா? எண்ணெய் தண்ணியை விட லேசாச்சே! எண்ணூர்க்காரங்களுக்கு இதைப் புத்தகத்துல படிக்க வேண்டியதில்லை. 2017 ஜனவரி 28-ல ரெண்டு கப்பல் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளிய மோதிக்கிட்டப்ப, மிதந்து வந்த கருப்பு எண்ணெயை எர்ணாவூர் கரையில வாளி வாளியா அள்ளினதைப் பார்த்தவங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்கு அப்புறம் எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் படலமா மிதந்தப்ப வலையும் படகும் கருத்துப் போனதைப் பார்த்தவங்க. எண்ணெய் மிதக்கும். அதனால அந்த எண் ஒண்ணுக்குக் கீழதான் இருக்கணும். வேலி போட்டுப் பார்த்திருந்தா 1.77 அங்கேயே மாட்டியிருக்கும்.

*

புள்ளி மாதிரியே இருக்கும், ஆனா புள்ளி இல்லை, அப்படியும் சில இருக்கு. கிரிக்கெட்ல 18.3 ஓவர்ங்கிறது பதினெட்டரை ஓவர். ஆறு பந்துல மூணு. 148 ரன்னை 18.5-ஆல வகுத்தா ரன் ரேட் சரியா 8. அப்படியே 18.3-ஆல வகுத்தா எட்டுக்கு மேல எதோ வரும், தப்பு.

படகுக்காரங்க ஜி.பி.எஸ்.ல இதுக்கு நேர் எதிர். 13 டிகிரி 7.50 நிமிஷம்னு காட்டினா அது ஏழரை நிமிஷம், ஏழு நிமிஷம் அம்பது வினாடி இல்லை. வித்தியாசம் 20 வினாடி. ஒரு நிமிஷம்னா கடல் மைல் ஒண்ணு, 1.852 கிலோமீட்டர். 20 வினாடின்னா அதுல மூணுல ஒரு பங்கு, அறுநூறு மீட்டருக்கு மேல. மீன் இருக்கிற பாரை ஒரு பக்கம், வலை இன்னொரு பக்கம். டீசல் வீண். புள்ளியைப் பார்த்ததும் முதல்ல கேக்க வேண்டியது, இது எதுல எத்தனை பங்கு? பத்துலயா, ஆறுலயா, அறுபதுலயா?

1585-ல சைமன் ஸ்டெவின் ஒரு சின்னப் புத்தகம் போட்டார், ஐரோப்பாவுல தசமக் கணக்கைப் பரப்பினது அதுதான். அவர் அதை எழுதினதே நிலம் அளக்கிறவங்க, துணி அளக்கிறவங்க, நாணயம் அடிக்கிறவங்க, வியாபாரிங்க இவங்களுக்காக. பின்னம் போட்டுத் திண்டாடுற சந்தை ஆளுங்க கணக்கை எளிசாக்கத்தான் இந்தப் புள்ளிக் கணக்கே பரவுச்சு. நானூறு வருஷம் கழிச்சு அதை வச்சே சந்தை ஆளுங்க ஏமாந்தா, கோளாறு அவங்க மூளையில இல்லை. சொல்லிக்கொடுத்த விதத்துல இருக்கு.

அக்கா இப்ப சரக்கு எடுக்கும்போது தராசுல ஓடுற எண்ணைச் சத்தமா, கிலோ கிராம்னு பிரிச்சு வாசிச்சுட்டுத்தான் சீட்டு எழுத விடுறாங்க. பக்கத்துல வரிசையில நிக்கிற ரெண்டு பேரும் அதே மாதிரி வாசிக்க ஆரம்பிச்சிருக்காங்களாம்.

டிஸ்கி: உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். வீட்டு சிலிண்டர்ல 14.2 கிலோ காஸ். 40 நாள் வந்தா ஒரு நாளைக்கு எவ்வளவு? கால்குலேட்டரை எடுக்கிறதுக்கு முன்னாடி கால் கிலோவா, அரைக் கிலோவா, ரெண்டுக்கும் நடுவுலயான்னு மட்டும் ஒரு வேலி போட்டு வச்சுக்குங்க. மிச்சத்தை எந்த மெஷின் வேணும்னாலும் போட்டுக்கட்டும் :-)